மேகம் இல்லாத டிராயிங்

ஜூன் 5

புல்டோசரின் அப்பாவுக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த முகாம் கட்டிலின் நடுப்பள்ளத்துக்குப் பலகை ஏதாவது போட்டீர்களா, இல்லை "தானா சரியாயிடும்" என்று அதிலேயே புரண்டுகொண்டிருக்கிறீர்களா?

புல்டோசர் என்பது கீழ் வீட்டு அக்கா நம் மகளுக்கு வைத்த பெயர். ஏழரை மாதம்தான் ஆகிறது, தவழும் வழியில் எது நின்றாலும் தள்ளிவிட்டுத்தான் போகிறாள். காலை எட்டு மணிக்கு அக்காவிடம் விடுகிறேன். நான் கதவைச் சாத்தும்போது அழுவதில்லை, பார்க்கிறாள். அழுதால் தேவலை.

ஆபீசில் மறுபடி சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஐந்து மணிக்கே கிளம்ப எனக்கு மட்டும் அனுமதி. "வாரக் கணக்கு ஏறுற வரைக்கும்தாம்மா இது" என்று சதவீதம் சொல்லியிருக்கிறார். (எங்கள் டிசைன் தலைவரின் பட்டப்பெயர். வணக்கம் சொன்னால்கூட "எத்தனை பர்சென்ட்?" என்பார்.) நீங்கள் அங்கே தோண்டுகிறீர்கள், நாங்கள் இங்கே வரைகிறோம், மெஷின் கம்பெனிக்காரர்களோ மெஷினின் அளவையே இன்னும் கொடுக்கவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் வேறு எப்படி இருக்கும்? அளவு தெரியாத இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி வளைத்துக் கோடு போட்டு, "இங்கே கட்டாதே" என்று எழுதுவோம் அல்லவா, அந்த மேகம் இருக்கும் டிராயிங் எதுவும் வாரக் கணக்கில் சேராது. நாற்பத்தொன்றிலேயே நின்றுகொண்டிருந்தோம். நான் ஒரு யோசனை சொன்னேன், அவருக்குப் பிடித்துவிட்டது. விவரம் நேரில்.

காலண்டரில் அக்டோபர் இருபதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அவளுடைய முதல் பிறந்தநாளும் நீங்கள் வீடு திரும்பும் நாளும் அந்த ஒரே வட்டத்துக்குள்.

உங்கள் வேலிக்குள் கைபேசி கூடாது, முகாமில் சிக்னலும் இல்லை என்பதால் இந்தக் கடிதமும் டிராயிங் கட்டுக்குள்தான் வருகிறது. கட்டுக்குள் போகிற எல்லாத் தாளையும் எங்கள் பதிவு அறை முத்திரை அண்ணன் படித்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார். அண்ணா, உங்களுக்கும் வணக்கம்.

தூங்காத,
சிவப்புப் பேனா


ஜூன் 19

என் சிவப்புப் பேனாவுக்கு,

இங்கே எல்லாம் சுகம், முதுகைத் தவிர. பலகை போட்டேன். மூன்றாம் நாள் கம்பி மேஸ்திரி வந்து "சார், கான்கிரீட்டை அடைக்கிற ஷட்டருக்கு ஒரு பலகை குறையுது, உங்க கட்டில்ல இருக்காமே" என்று உருவிக்கொண்டு போய்விட்டார்.

கம்ப்ரசர் மெஷின் நிற்கப்போகும் பவுண்டேஷன் மேடையின் டிராயிங் வந்தது. ஒரு மேகம்கூட இல்லை! சைட் மேனேஜர் தாளைத் தூக்கிப் பிடித்து ஆட்டினார். நாங்கள் அவரைத் "தேதி" என்போம், உன் சதவீதத்துக்குச் சரியான ஜோடி. "பாருங்கய்யா, டிசைன்காரங்க திருந்திட்டாங்க. ஜூலை பதினஞ்சு கான்கிரீட்" என்று அதே மூச்சில் தேதி வைத்துவிட்டார்.

எனக்கு இதுதான் கடைசி வேலை. இதை முடித்தால் வீடு. பிறகு மெஷினை முதன்முதலில் ஓட்டிப் பார்க்கும் அன்று மட்டும் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். மேடை போட்டவன் நிற்க வேண்டுமாம், இங்கே வழக்கம்.

போல்ட் இடைவெளி 2140 மில்லிமீட்டர் என்று பார்த்ததும் சிரித்துவிட்டேன். பழைய சைட்டிலும் இதே 2140. டேப்பின் ஒரு நுனியை நீ பிடித்தாய், மறுநுனியை நான். மூன்று தடவை அளந்தோம். மூன்றாவதுக்கு அவசியமே இல்லை. "இன்னொரு வாட்டி பார்த்துடலாம்" என்று சொன்னது நான்தான், ஏன் என்று உனக்குத் தெரியும். புது மெஷினும் அதே அளவா? ஆச்சரியம்தான்.

புல்டோசருக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்.

இப்படிக்கு,
பலகை இழந்தவன்


ஜூன் 27

புல்டோசரின் அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. என் அடையாள அட்டைக் கயிறுதான் அவளுக்கு இப்போது சாப்பாடு.

வாரக் கணக்கு அறுபத்து மூன்றுக்கு வந்துவிட்டது. எல்லோரையும் நிற்க வைத்து எனக்குக் கை தட்டினார்கள். பிள்ளை பெற்றவள் வேலைக்கு உதவமாட்டாள் என்று பின்னால் பேசிய எதிர் மேசைக்காரியும் தட்டினாள், சத்தம் வராமல்.

அங்கே வெயில் எப்படி? தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். கான்கிரீட் தேதி பதினைந்துதானா, மாறுமா? சும்மாதான் கேட்கிறேன்.

அவசரத்தில்,
சிவப்புப் பேனா


ஜூலை 17

என் சிவப்புப் பேனாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, திட்டாதே. உடம்பு நன்றாக இருக்கிறது.

பதினைந்தாம் தேதி கான்கிரீட் போடவில்லை. மழை. தேதி குதித்தார். "எங்கய்யா மழை? என் சட்டை நனையலையே!" "ராத்திரி பேஞ்சுது சார், குழியில தண்ணி நிக்குது." தண்ணீர் நின்றது உண்மை. மழைத் தண்ணீரா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன கடிதத்தில் 2140 பற்றிக் கேட்டிருந்தேன். அந்தப் பக்கம் பதிலுக்கு வராமல் கயிற்றோடு புல்டோசர் வாய்க்குள் போய்விட்டது போல.

பல்லைப் பத்திரமாக வளர்க்கச் சொல். நான் வந்து எண்ண வேண்டும்.

இப்படிக்கு,
நனையாத சட்டைக்காரரிடம் அகப்பட்டவன்


ஜூலை 24
(இந்தத் தாள் கட்டுக்குள் போகாது. முத்திரை அண்ணன் படிப்பார். நீல நோட்டுக்குள் வைக்கிறேன்.)

என்னங்க,

அந்த 2140 பொய். எங்களிடம் அளவு இல்லை. பழைய ப்ராஜெக்ட் அளவைத் தற்காலிகமாகப் போட்டு, அதைச் சுற்றி மேகமும் போட்டு அனுப்பலாம், நீங்கள் குழியாவது தோண்டலாம் என்பதுதான் என் யோசனை. சதவீதம் "பிரமாதம்மா" என்றார். பிறகு, "மேகத்தை மட்டும் எடுத்துடு. மேகம் இருந்தா கணக்குல வராதுல்ல?" என்றார். எடுத்தேன். ஒன்றை எடுத்தபோது கை கூசியது. பத்தாவதில் கூசவில்லை. இன்றோடு முப்பத்தேழு. எந்த டிராயிங்கில் எந்த எண் ஊகம் என்று நீல நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், என்றைக்காவது திருத்திவிடலாம் என்று. எல்லாத் தாளிலும் "சரிபார்த்தவர்" கட்டத்தில் என் கையெழுத்து.

இன்று மெஷின் கம்பெனியின் அளவு வந்தது. 2460. எடை பதினெட்டு டன் இல்லை, இருபத்தொன்பது. நாங்கள் வரைந்த மேடையில் அதை ஓட்டினால் மேடை நடுங்கும், குழாய் பிய்யும். அன்றைக்குப் பக்கத்தில் நிற்கப் போவது யார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

சதவீதத்திடம் ஓடினேன். அந்தத் தாளை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "முத்திரை விழுந்துச்சா? விழல. அப்ப இன்னும் வரலைன்னுதான் அர்த்தம். இந்த மாசம் எண்பது காட்டியாகணும். அடுத்த திருத்தத்துல பார்த்துக்கலாம்."

"அதுக்குள்ள சைட்ல கான்கிரீட் போட்டுடுவாங்க சார்."

"மேகத்தைத் திரும்பப் போட்டா டிசைன் முடியலைன்னு ஆயிடும். அங்க இருக்கிற ஒருத்தரும் வருஷம் முடியாம வீட்டுக்கு வர முடியாது. உன் வீட்டுக்காரர் வர வேண்டாமா? நல்லா யோசிச்சுக்கோ. மணி அஞ்சாச்சு பார், கிளம்பு. குழந்தை காத்துட்டிருக்கும்."

கிளம்பினேன். கிளம்பிவிட்டேன், அதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரில் உங்கள் முகம் மாட்டியிருக்கிறது. மேகம் போட்டால் நீங்கள் வரமாட்டீர்கள். போடாவிட்டால் அந்த மெஷின் பக்கத்தில் நிற்பீர்கள்.


ஜூலை 25

புல்டோசரின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். ஆபீசில் விசேஷமாக ஒன்றும் இல்லை. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழ் வீட்டு அக்கா "உன் பொண்ணு நின்னுட்டா, நீ எப்ப உட்காருவ?" என்று கேட்கிறார்.

மழை நின்றதா? ஈரமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

சிவப்புப் பேனா


ஆகஸ்ட் 7

என் சிவப்புப் பேனாவுக்கு,

நலம். மெஸ் சமையல்காரருக்கும் உப்புக்கும் சண்டை, ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நீர் காய்ந்தது, சேறு காய்ந்தது, கம்பி மறுபடி ஒரு தரம் கட்டினோம். கட்டினது கோணல் என்று நான்தான் பிரிக்கச் சொன்னேன். "கோணல் கம்பியில இல்ல சார்" என்று மேஸ்திரி என் தலையைப் பார்த்துக்கொண்டே பிரித்தார். தேதி இப்போது இருபது என்கிறார். இதற்கு மேல் எனக்கு மழையும் கிடைக்காது, கோணலும் கிடைக்காது.

இந்தக் கட்டுக்குள் ஆபீஸ் கேள்வித் தாள் ஒன்று வருகிறது, எண் 212. ஒரே வரிதான்: "போல்ட் இடைவெளி 2140. இன்னொரு முறை பார்த்து உறுதி செய்யவும்." பதிலில் சரிபார்த்தவர் கையெழுத்து வேண்டும். அதாவது உன்னுடையது. நீ சரி என்றால் போட்டுவிடுகிறேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. புல்டோசருக்கு முத்தம்.

இப்படிக்கு,
டேப்பின் மறுநுனி


ஆகஸ்ட் 14

புல்டோசரின் அப்பாவுக்கு,

நலமா? அவளுக்கு இரண்டு நாளாக ஜுரம், இன்று பரவாயில்லை. டாக்டர் பல்லால் வந்தது என்கிறார். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

212க்குப் பதில் இணைப்பில் இருக்கிறது. சரி என்று எழுதியிருக்கிறோம்.

வேறு விசேஷம் இல்லை. கணக்கு எண்பத்தொன்று.


செப்டம்பர் 11

என் சிவப்புப் பேனாவுக்கு,

ஜுரம் விட்டதா? இதை முதலில் கேட்டிருக்க வேண்டும், நாலு வாரம் கழித்துக் கேட்கிறேன்.

இருபதாம் தேதி கான்கிரீட் போடவில்லை. மிக்சர் மெஷினின் பெல்ட்டைக் காணோம். காலையில் பார்த்தால் இல்லை. தேதி ஸ்டோரைத் தலைகீழாகப் புரட்டினார். மிக்சர் டிரைவரைப் பிடித்து உலுக்கினார். அவர், "நான் என்ன சார், அதை இடுப்புலயா கட்டிட்டுப் போவேன்?" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார், எல்லோரும் சிரித்தோம். புது பெல்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறது. வரும் இருபத்தெட்டுக்குள் வந்துவிடும், வந்தால் மறுநாளே கான்கிரீட். இந்தத் தடவை தேதி கட்டிலைப் போட்டு மிக்சர் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளப் போகிறாராம்.

212க்கு வந்த பதிலைப் பார்த்தேன். "சரி" என்று கறுப்பு மையில் இருக்கிறது. கையெழுத்தும் கறுப்பு. ஆறு வருஷத்தில் நீ கறுப்பில் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. நம் கல்யாணப் பதிவேட்டில்கூடச் சிவப்பை எடுத்து நீட்டி அந்தப் பதிவாளரிடம் திட்டு வாங்கினாயே. உன் பேனா தொலைந்துவிட்டதா?

இப்படிக்கு,
நான்தான்


செப்டம்பர் 18

என்னங்க,

பேனா தொலையவில்லை. பையில்தான் இருந்தது. அதை எடுக்க முடியவில்லை. சதவீதம் தன் பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். அவர் மேல் மட்டும் பழி போடவில்லை. பிடித்து எழுதியது என் கை. ஐந்து மணி, வட்டம் போட்ட இருபதாம் தேதி, ஜுரத்தில் கிடந்த அவள் எல்லாம் அந்த இரண்டு எழுத்துக்குள் வந்து நெருக்கியது. அதை எழுதிவிட்டு நேராக வீட்டுக்கு வந்து அவளுக்குத் துணி நனைத்து நெற்றியில் போட்டேன். அந்தச் "சரி"யை நம்பி நீங்கள் கான்கிரீட் போடப்போகிறீர்கள் என்று நினைத்தபடியே போட்டேன்.

2140 தவறு. 2460. எடை இருபத்தொன்பது டன். பெல்ட் வந்தாலும் போடாதீர்கள். தேதி கத்தினால் கத்தட்டும்.

இதோடு நீல நோட்டை அனுப்புகிறேன். முப்பத்தேழு டிராயிங், முப்பத்தேழு ஊகம், எல்லாம் என் கையெழுத்தில். உள்ளே ஜூலை மாதத்துத் தாள் ஒன்று மடித்து இருக்கும். அது உங்களுக்கு எழுதியது, அனுப்பத் தைரியம் வராதது. நோட்டை மேனேஜரிடம் கொடுங்கள். கொடுத்தால் இங்கே எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். அங்கே உங்களுக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும்: வருஷம் முடியாமல் வீடு இல்லை.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள். மேலே கொண்டுபோய்க் காட்டுவதானால் காட்டுங்கள். டிராயிங் கட்டிலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

சிவப்பில்,
உங்கள் சிவப்புப் பேனா

(அடியில் வேறு கையெழுத்தில்: தம்பி, நான் இந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை. ஆனால் நீல நோட்டுக்கு ஆபீஸ் பதிவு எண் போட்டு முத்திரை குத்திவிட்டேன். இனி யாரும் வரவில்லை, போகவில்லை என்று சொல்ல முடியாது. இழுப்பறையில் இருந்த மெஷின் கம்பெனித் தாளையும் தேடி எடுத்துக் குத்தியாயிற்று. ஜூலையில் அது முத்திரை இல்லாமல் உள்ளே போனதைப் பார்த்தும் சும்மா இருந்தவன் நான். தங்கச்சியைத் திட்டாதீர்கள். கட்டு ஒருநாள் முன்னதாகவே கிளம்புகிறது.)


அக்டோபர் 3

என் சிவப்புப் பேனாவுக்கு,

நோட்டு இருபத்திரண்டாம் தேதியே வந்து சேர்ந்தது. கடிதத்தை மெஸ் பின்பக்கம் நின்று படித்தேன். ஜூலைத் தாளையும்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு கறுப்பு மை ஆகிவிடும். "சரி" என்று வந்த பிறகு மூன்று நாள் உன் பழைய கடிதம் எதையும் எடுத்துப் படிக்கவில்லை. நான் உன்னிடம் கேட்டேன், நீ ஊருக்குப் பதில் சொல்வது போல எனக்குச் சொன்னாய். அது ஆற நாளாகும்.

ஆனால் நானும் யோக்கியன் இல்லை. ஜூன் மாதமே எனக்குச் சந்தேகம். அந்தப் பழைய மெஷின் மாதிரி இப்போது யாரும் செய்வதே இல்லை. அப்போதே நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கலாம். எழுதினால் உன் கையெழுத்து மாட்டும், என் இருபதாம் தேதியும் போகும். அதனால் மழை பெய்தேன், கம்பியைக் கோணலாக்கினேன். பெல்ட் என் டிரங்குப் பெட்டியில், உன் கடிதங்களுக்கு அடியில் இருந்தது. மிக்சர் டிரைவருக்குத் தெரியும். தினமும் என்னைப் பார்த்து, "சார், பெட்டி கனமா இருக்கா?" என்பார். இருபத்து மூன்றாம் தேதி எடுத்துக்கொண்டு போய், நோட்டோடு சேர்த்துத் தேதியின் மேசையில் வைத்தேன்.

அவர் நோட்டைப் பாதிவரை புரட்டினார். பிறகு பெல்ட்டைப் பார்த்தார். "புருஷனும் பொண்டாட்டியுமா சேர்ந்து என் காலண்டரையே கிழிச்சுட்டீங்களேய்யா" என்றார். நோட்டின் மீதியையும் புரட்டிவிட்டு, "கான்கிரீட் போட்டிருந்தா உடைக்கிறதுக்கே ஒரு வருஷம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையை நிறுத்தச் சொல்லி மேலே எழுதினார். பெல்ட்டுக்காக எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. முப்பத்தேழு மேகமும் திரும்பி வரும். குழியை அகலப்படுத்த வேண்டும். அதுவரை என்னை விடமாட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று கேட்டேன். தேதி முதன்முறையாகத் தேதி சொல்லவில்லை.

இருபதாம் தேதி வர முடியாது. இதை எழுதத்தான் பத்து நாள் ஆயிற்று.

இப்படிக்கு,
பெட்டி இலேசானவன்


அக்டோபர் 19

புல்டோசரின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் முதுகுக்கு இரண்டு பலகை இந்தக் கட்டோடு வருகிறது, முத்திரை அண்ணன் டிராயிங் என்று எழுதிப் பதிவு போட்டிருக்கிறார். மேஸ்திரி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கோபத்தை நீங்கள் மறைக்காமல் எழுதியது எனக்கு வலித்தது. மறைத்திருந்தால் இன்னும் பயந்திருப்பேன்.

கணக்கு ஐம்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. சரிபார்க்கும் வேலை என்னிடமிருந்து போய்விட்டது. மறு உத்தரவு வரும்வரை பிரிண்ட் அறையில் டிராயிங் மடிக்கிறேன். ஐந்து மணியும் போய்விட்டது, வீடு சேர ஏழரை ஆகிறது. அதற்குள் அவள் அக்கா மடியிலேயே தூங்கிவிடுகிறாள். தூக்கி மாடி ஏறும்போது கண் திறக்காமல் என் அட்டைக் கயிற்றைத் தேடுகிறாள். போன வாரம் மேலிடத்திலிருந்து வந்த கூட்டத்தில், மேகம் உள்ள டிராயிங்கையும் இனித் தனிப் பத்தியில் எண்ணுவது என்று முடிவாகியது. மேகத்தோடு அனுப்பினால் சைட் குழியாவது தோண்டலாமாம், ஆறு மாதம் மிச்சமாகுமாம். யோசனை சொன்னவர் என்று சதவீதத்துக்குக் கை தட்டினார்கள். நான் கதவோரம் கட்டுகளோடு நின்றேன். எதிர் மேசைக்காரி மட்டும் தட்டவில்லை, என்னைப் பார்த்தாள்.

இங்கிருந்து வெளியே போக எனக்கு வழி தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது. வேலி உங்களுக்கு அங்கே, எனக்கு இங்கே. ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகு இந்த வாரம்தான் பாதியில் விழிக்காமல் தூங்கினேன்.

நேற்று அவள் நாற்காலியை விட்டுவிட்டு இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் விழுந்தாள். கீழ் வீட்டு அக்கா, "நாளைக்கு அப்பா வர்றாரா?" என்று அவளிடம் கேட்டார். வாய் வரைக்கும் ஒரு தேதி வந்தது. புது வருஷத்துக்குள் என்றோ, அடுத்த மாதம் என்றோ ஏதோ ஓர் எண். சொன்னால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

சொல்லவில்லை. மேலே வந்து காலண்டரை எடுத்து இருபதைச் சுற்றியிருந்த வட்டத்தை அழித்தேன். டிசம்பர்த் தாளுக்குப் புரட்டி, அதையும் அடியில் சிறிதாக அச்சிட்டிருந்த அடுத்த ஜனவரியையும் சேர்த்துச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு மேகம் போட்டேன். உள்ளே எண் எதுவும் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்போது நீங்கள் எழுதி அனுப்புங்கள்.

உங்கள்,
சிவப்புப் பேனா